காருக்கு நான் தைத்த உறை

எங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தக் கார் மேல்தான் பிரியம். அவரைவிட வயதில் மூத்த கார். ஹார்னை அமுக்கினால் விளக்கு எரியும். விளக்கைப் போட்டால் வைப்பர் ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். சாரல் விழுந்தால் போதும், எஞ்சின் நின்றுவிடும். இறங்கித் தள்ளுவது என் வேலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் கார் தள்ளாத தெரு தென்காசியில் இல்லை.

அதுகூடப் போகட்டும். வாசலையொட்டிய ஷெட்டை அந்தச் சனியன் அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்கே தையல் கடை போடவேண்டும் என்று கரடியாய்க் கத்தினேன், நடக்கவில்லை. என் மெஷின் அடுப்படியில், குக்கருக்குப் பக்கத்தில். ஜாக்கெட்டில் சாம்பார் வாடை அடிக்கிறது என்று ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் பெரிய சண்டை. ஒருவழியாகக் காரை விற்கச் சம்மதித்தார்.

செங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் வாங்க வருவதாகச் சொன்னார். சாரலில் குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பாராம். விளங்கினாப்லதான் என்று நினைத்தேன். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்குவதுதான் கோளாறு என்று மெக்கானிக் எப்போதோ சொல்லியிருந்தார். மூடியைக் கழற்றி, இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணியால் துடைத்து உலர்த்தினேன். பழைய ரெயின்கோட்டை வெட்டி ஒரு உறை தைத்து, வயர்களோடு சேர்த்துக் கவிழ்த்து, அடியில் நாடாவால் கட்டினேன். இவரிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் சாரலில் குற்றாலம் வரை ஒரு தும்மல்கூடப் போடாமல் போனது. வண்டியை நிறுத்தியதுமே அண்ணாச்சி, "எடுத்துக்கிடுதேன்" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இவர் கண் கலங்கி பானட்டைத் தடவினார். "எப்படி ஓடுது பாத்தியாட்டி! இத எப்படி அண்ணாச்சி குடுக்க? மனசு வரமாட்டேங்கு."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பானட்டைத் திறந்தேன். நாடாவை அவிழ்த்து, உறையை உருவிக் கைப்பைக்குள் போட்டேன்.

"காரு உங்களுது, நீங்களே வச்சுக்கிடுங்க. இது நான் தச்சது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "மனசு மாறுனா சொல்லுங்க. உறையோட எடுத்துக்கிடுதேன்" என்று என்னிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மேலகரம் வரும் முன்பே கார் நின்றுவிட்டது. நான் இறங்கவில்லை. ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். சாரலில் அவர் மட்டும் தள்ளினார்.

"ஏட்டி, அந்த உறைய மாட்டிவிடேன்."

"ஷெட்டு?"

இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினார். பிறகு ஜன்னலோரம் வந்து மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி நம்பர் இருக்குல்லாட்டி?"