நண்டுக் கோது மேடு

எங்கள் ஊர்ச்சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் வருடாவருடம் ஸ்காபரோவில் அதே ஆற்றங்கரையில்தான். நண்டும் கணவாயும் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள். குடித்து முடித்ததும் கோதுகளை அதே மரத்தின் பின்னால் கொட்டுவார்கள். குப்பைத்தொட்டி இருபதடியில் இருக்கிறது.

இம்முறை மரத்தின் பின்னால் போனதும் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். இலையான் மொய்க்கும் கோதுகள், அவற்றின்மேல் யாரோ எறிந்த குழந்தை டயப்பர்.

“சீ, மனிசரோ உதுகள்” என்றேன்.

தொல்லியல் படிக்கும் என் மகள் குந்தியிருந்து ஒரு தடியால் கிளறினாள். “ஆதிகாலத்து ஆக்களும் உப்பிடித்தான் அப்பா. ஆத்துச் சிப்பியைத் திண்டிட்டு ஒரே இடத்தில கோதை எறிவினம். தலைமுறை தலைமுறையா எறிஞ்சு அது மேடாயிடும். கோதின்ர சுண்ணாம்பு எலும்புகளை உக்க விடாது. அதை அடுக்கடுக்கா வெட்டிப் பாத்துத்தான் என்ன திண்டவை, எந்தப் பருவத்தில வந்தவை எண்டு கண்டுபிடிக்கிறது.”

“அவைக்குக் குப்பைத்தொட்டி இல்லை. உவைக்கு என்ன கேடு?”

அவள் இன்னும் ஆழமாகக் கிளறினாள். அடியில் வெளுத்துக் கிடந்த போன வருடத்துக் கோதுகளுக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் அகப்பையை இழுத்தாள். மண்ணைத் துடைத்ததும், எங்கள் வீட்டுப் பாத்திரங்களிலெல்லாம் வெட்டியிருக்கும் என் பெயரின் முதலெழுத்து காம்பில் தெரிந்தது.

காணாமற்போன அதைச் சங்கச் செயலாளரின் மனைவி எடுத்துவிட்டா என்று ஒரு வருடமாக வீட்டில் திட்டிக்கொண்டிருந்தோம். போன வருடம், கார் நாறிவிடும் என்று, மிச்சக் கூழோடு பானையை இந்த மரத்தடியில் கவிழ்த்தவன் நான்தான்.

மகள் அகப்பையை நீட்டினாள். வாங்கினேன். அதே நாற்றம், இப்போது என் கையில்.