வீட்டைப் பார்க்க வந்த அரசாங்கம்

பத்மநாபபுரத்தில் கோட்டைச் சுவருக்கு உள்ளே எங்கள் வீடு. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வருகிறவர்கள் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு, நிழல் தேடி எங்கள் தெருவுக்குள் வருவார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை, முதுகில் பெரிய பைகளோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி எங்கள் கேட்டைத் தட்டினார்கள். மறுநாள் காலைவரை தங்க இங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். மாடி அறை சும்மாதான் கிடந்தது. இருந்தாலும் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து, தக்கலைக்கு அனுப்பிவைத்தேன்.

போவதற்கு முன் அந்த மனிதர் ஒன்று கேட்டார். நாம் தமிழ்நாட்டில்தானே இருக்கிறோம், அரண்மனைப் பலகையில் ஏன் கேரள அரசு என்று இருக்கிறது? அரண்மனை இங்கே, அதைப் பராமரிப்பது அந்த அரசு என்றேன். 'ஏன்?' என்றார். மன்னர் காலம், மாநிலப் பிரிவினை என்று ஏதோ சொன்னேன். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

அவர்களை அனுப்பியது தப்போ என்று அன்று முழுவதும் யோசித்தேன். தங்க வைத்திருந்தால் அது தப்போ என்று யோசித்திருப்பேன். மாலையில் மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தபோது சொன்னேன்.

"சுற்றுலா அலுவலகத்தில பதிவு பண்ணினா வீட்டிலேயே ஆள் தங்க வைக்கலாம், கேட்டியா? ஹோம்ஸ்டேன்னு பேரு" என்றார். பிறகு, "அது கிடைச்சுதுன்னா நான் இஞ்ச கெடக்காண்டாம். ஊருக்கு வந்திரலாம்" என்றார்.

மகளுக்கு ஒன்றரை வயது. அப்பா என்றால் அவளுக்குக் கைபேசிதான். அழைப்பு வந்தால் அதைப் பிடுங்கி முத்தம் கொடுப்பாள். அதனால் அன்றைக்கே விண்ணப்பத்தைத் தொடங்கினேன். கழிப்பறை எந்த மாதிரி, தீயணைப்பான் உண்டா, பக்கத்துக் காவல் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பற்றி அரசாங்கத்துக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று எரிச்சல் வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, வியாழக்கிழமை அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார் என்று தகவல் வந்தது. நான் செய்த காரியத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமையே கொக்கியிலிருந்து தொட்டில் கயிற்றைக் கழற்றினேன். மகளின் துணிகள், ரப்பர் ஷீட், பொம்மைகள், எங்களோடு இருக்கும் மாமியாரின் தைலக் குப்பிகள், கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி அடுத்த வீட்டு விறகுப்புரையில் வைத்தேன். கட்டிலில் வெள்ளை விரிப்பு. துவாலைகளை ஓட்டலில் மடிப்பதுபோல மடித்தேன். மீன் வாடை வரும் என்று வியாழக்கிழமை அடுப்பே பற்றவைக்கவில்லை. கடைசியில் மாமியாரையும் மகளையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன்.

"வெப்ராளம் பிடிச்சவளே, இது எனக்க வீடாக்கும்" என்று என் பதற்றத்தைப் பழித்து முணுமுணுத்துக்கொண்டேதான் மாமியார் போனார்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மதுரைப் பக்கத்துப் பேச்சு. மாடியைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பிறகு சமையலறையில் அடுப்பின்மேல் கையை வைத்தார். கூடத்துக்கு வந்து, படம் இல்லாத ஆணியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

"ஆமா."

"உங்க துணிமணி ஒண்ணுகூடக் காணோமே. வெளிநாட்டுல இருக்கவங்க நிறையப் பேரு காலி வீட்டை லாட்ஜா விடுறதுக்கு இதுல எழுதிப் போடுறாங்க. உரிமையாளர் குடும்பத்தோட குடியிருந்தாத்தான் இந்தப் பதிவு. ஆதார் காட்டுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றாமலே விட்ட அட்டை. அதில் ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் அப்பா வீட்டு முகவரி. அவர் அதை இரண்டு முறை படித்தார். கணவர் வருவது என் கையால் கெட்டுப் போகிறது என்று மட்டும் புரிந்தது. நடந்ததைச் சொல்லிவிடலாமா, சொன்னால் ஏமாற்றியதாக எழுதிவிடுவாரா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே மகளின் அழுகைச் சத்தம் கேட்டது. மாமியார் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

"ஏட்டி, பிள்ளைக்குப் பசிக்கி. சட்டையெல்லாம் சாக்குக்குள்ள கெடக்கு, மாத்தி விட ஒண்ணு கிடையாது. ஒளிச்சு இருக்கதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?"

அதிகாரி முதலில் மாமியாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சாக்குக்குள்ளயா?"

வேறு வழியில்லை. விறகுப்புரைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். கல்யாணப் படம் விறகுக்கட்டின்மேல் சாய்ந்திருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"ஓட்டலைப் பாக்க வேற ஆளுங்க இருக்காங்க மேடம். நான் வீட்டைப் பாக்கத்தான் வந்தேன். இன்னைக்கு என் கண்ணுல பட்டது காலி வீடு. அதுக்குச் சரின்னு எழுத முடியாது. ஆதாரை மாத்திட்டுச் சொல்லுங்க, இன்னொரு தடவை வர்றேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்."

அவர் செருப்பு மாட்டும்போது, கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்க வீட்டில யாரு தங்கினா அரசாங்கத்துக்கு என்ன?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நின்று யோசித்தார். "வர்றவருக்கு உங்களத் தெரியாது. உங்களுக்கு அவரத் தெரியாது. ரெண்டு பேரையும் தெரிஞ்ச மூணாவது ஆள் ஒருத்தர் வேணும்ல?"

"வாறவங்க நல்லவங்கன்னு நீங்க சொல்லுவீங்களா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. யாருன்னு எழுதி வைக்கச் சொல்லுவோம். வெளிநாட்டுக்காரங்கன்னா போலீசுக்கும் தெரியப்படுத்தணும்."

ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களை அவருக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் வீட்டில் ஏதோ குறைகிறது என்று ஒரே பார்வையில் கண்டுகொண்டவரும் அவர்தானே.

முகவரியை மாற்றி அலுவலகத்துக்குத் தகவல் சொன்ன பிறகு, தினமும் காலையில் வீட்டை எவ்வளவு ஒழுங்காக வைப்பது என்று குழம்பினேன். கூடச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுவாரோ? மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. "ரெண்டு பாத்திரத்தைக் கழுவாம போடு மக்கா, கவர்மெண்டு வந்தா காட்டலாம்" என்பார்.

அதிகாரி வந்த நாளில் மழை. மாடிப்படிக் கைப்பிடி முழுக்க மகளின் ஈரத்துணி. அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு. எனக்குத் தலை வாரக்கூட நேரமில்லை. அவர் துணிகளை ஒதுக்கிக்கொண்டு மாடிக்குப் போய், வெந்நீர் வருகிறதா, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தார். கீழே எங்கள் படுக்கையறைக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு? இஞ்ச விருந்தாளி வரமாட்டாங்களே" என்றேன்.

"நீங்க தூங்கணும்ல" என்றார்.

அவரிடம் நான் கேட்க நினைத்திருந்த நாலைந்து கேள்விகளில் முக்கியமானது, எங்கள் பாதுகாப்பை யார் பார்ப்பார்கள் என்பது, அதோடு தீர்ந்தது. மாமியார் தட்டில் கிழங்கும் குழம்பும் விளம்பினார். சாப்பிட்டால் விதிக்குப் புறம்பாகிவிடும் என்று அதிகாரி மறுத்துவிட்டார். ஒரு துண்டாவது சாப்பிடச் சொன்ன மாமியாரிடம், பதிவு முடிந்த பிறகு பணம் கொடுத்துத் தங்கிச் சாப்பிடுகிறேன் என்றார்.

பதினைந்து நாள் கழித்துப் பதிவு கிடைத்துவிட்டதாக அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. படித்தவுடன் சந்தோஷம் வரவில்லை. இரண்டு முறை, மூன்று முறை படித்தேன். ஆட்களே வராவிட்டால்? ஒரு வேலையை விட்டுவிட்டு வருகிறவரிடம் அப்போது என்ன சொல்வேன்? அறைக்குச் சான்று கொடுக்கிறது அரசாங்கம், அறையில் ஆள் நிரம்பும் என்று அது எங்கும் எழுதித் தரவில்லை.

கணவரிடம் இதை அப்படியே சொன்னேன்.

"வேலைய விடுகதா கம்பெனிக்குக் கடிதம் எழுதி ஒரு மாசமாச்சு" என்றார். "சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். தேதி மட்டும் போடல்ல. அத நீ சொல்லு."

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான். ஆனா நீ சொல்லாம நான் போடமாட்டேன்."

மகள் என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கப் பார்த்தாள். அதை அவளுக்கு எட்டாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அன்றைய தேதியைச் சொன்னேன். சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.