ஸ்காட்லாந்துக்குப் போட்ட கையெழுத்து

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னை மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். நான் செய்த குற்றம், முந்திரி உடைக்கும் பெண்களிடம் ஸ்காட்லாந்தைப் பற்றிப் பேசியது.

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகும் ரோட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த தொடக்கப்பள்ளியில் 1950-இல் டீச்சராகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை, அம்மாவும் நானும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் அதே பள்ளிக்கூடக் கொட்டகையில் பெரிய பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் முதியோர் வகுப்புக்கு ஆள் பிடிக்க டீச்சர்கள் வீடு வீடாக அலைந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முந்திரிக்கொட்டையை வறுத்து உடைப்பதுதான் பிழைப்பு. அந்த ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலைத் தின்றுவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் நாலைந்து வருஷத்தில் விரலில் ரேகை இருக்காது. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வைக்கப் போனால் தாளில் வெறும் கறுப்புத் திட்டுதான் விழும். "ரேகை எங்க? வேற விரல வையி" என்று ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா எரிந்து விழுவார். பத்து விரலும் அப்படித்தான். கைநாட்டுக்குக்கூட லாயக்கில்லை என்று விரட்டிவிட்ட கோபத்தில் கையெழுத்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். பன்னிரண்டு பேர். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் தினசரியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பேப்பர் பஸ்ஸில் ஒருநாள் தாமதமாக வரும். 1951 தொடக்கத்தில் அதில் ஒரு செய்தி வந்தது. லண்டனில் ராஜாக்களுக்கு முடிசூட்டும் கோயிலில் நாற்காலிக்கு அடியில் ஒரு கல் இருந்தது. பழைய காலத்தில் ஸ்காட்லாந்து ராஜாக்கள் அதன் மேல் உட்கார்ந்து முடிசூடிக்கொண்டார்கள். இங்கிலாந்து ராஜா படையோடு போய் அதைத் தூக்கி வந்துவிட்டார். அறுநூறு வருஷத்துக்கு மேல் லண்டனில் கிடந்த கல்லை இப்போது கிறிஸ்துமஸ் அன்று யாரோ ஸ்காட்லாந்துக்காரர்கள் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். போலீஸ் தேடுகிறதாம்.

"திருடினாகன்னு எதுக்குப் போட்டிருக்கு? அவுக கல்ல அவுக எடுத்துக்கிட்டுப் போனாக" என்றாள், வறுக்கும் சட்டிக்குப் பொறுப்பான பெண்.

இன்னொருத்தி, "பிள்ளையாரே களவாண்டு வந்து வச்சாத்தான் கேட்டதக் குடுப்பாரு. இந்தக் கல்லும் சும்மா இருக்காது, பாருங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் புதுக்கோயில் கட்டினால் அடுத்த ஊர்ப் பிள்ளையாரைத் தூக்கி வந்து வைப்பது உண்டு. பறிகொடுத்த ஊரும் பெரிதாகச் சண்டைக்கு வராது. அந்தக் கணக்கில் லண்டன் கல்லையும் சாமியாக்கிவிட்டார்கள். அது சாமி இல்லை, உட்காருகிற கல் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. கல் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பாடம் எங்கே நடந்தது? தினமும் ஸ்காட்லாந்துதான். அவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்பு அது தனி ராஜ்யம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய மனிதர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டு இங்கிலாந்தோடு சேர்த்துவிட்டார்கள். தெருவில் சனங்கள் கூச்சல் போட்டும் பலிக்கவில்லை. இப்போது சிலர் தனி நாடு கேட்கிறார்கள். பலர், தங்களுக்கென்று ஒரு சட்டசபையாவது வேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

"பெரியவுக பேசி முடிச்சாக, சம்பந்தப்பட்டவளக் கேக்கல. நம்ம கலியாணங் கணக்கா" என்று சட்டிக்காரி சொன்னதும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

"பிடிக்கலைன்னா கலியாணத்தத் தீத்துவிட்டுட்டு வரவேண்டியதுதான? அந்த வழக்கமில்லையா அவுகளுக்கு?"

"தனி அடுப்பு வச்சுக்கிட்டா ஒறவு அத்துப்போயிருமா? எங்க மாமியாவும் நானும் அடுப்பப் பிரிச்ச பெறகுதான் மொகம் பாத்துப் பேசுறோம்."

சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏன் டீச்சர், நம்மளத் திருச்சியோட சேத்தாகளே, நம்மள யாரு கேட்டாக?"

யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், முதல்நாள் வரை சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை மறுநாள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. ராஜா போய்விட்டாரே என்று எங்கள் தெருவில் ஒருவரும் அழவில்லை. நானும் அழவில்லை, சேர்ந்தது நல்லதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் நல்லது செய்கிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவுக்கும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிவிட்டுத் திரும்பியவள் என்பதால் அவளைக் கண்டிக்காரி என்பார்கள்.

"எங்க தோட்டத்துத் தொரை ஸ்காட்லாந்துக்காரன்தான். கங்காணி சொல்லித் தெரியும். காச்சலோட படுத்துக் கெடந்த எங்க அண்ணன பூட்ஸ் காலால ஒதச்சு எழுப்புனான். இங்கிலாந்துக்காரன், ஸ்காட்லாந்துக்காரன் ரெண்டு பயலும் கூட்டுச் சேந்து நம்மள மிதிச்சாங்க. இப்ப அவன் நாடு அவனுக்கு வேணுமாம், அதுக்கு நீங்க தேங்கா ஒடைக்கிறீகளாம்" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

ஏப்ரல் மாதம், முந்திரி வேலை மும்முரமாக இருந்தபோது, கல் அகப்பட்டுவிட்டது, லண்டனுக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. வேண்டுதல் வீணான ஆத்திரம் அவர்களுக்கு. ஸ்காட்லாந்தில்தான் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறார்களே, நாங்களும் போடுகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று பின்னால் பலர் புத்தி சொன்னார்கள். அந்தப் புத்தியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். லண்டன் ராஜாவுக்கு அந்தப் பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "ஸ்காட்லாந்து சனங்களைச் சேர்த்தபோது கேட்கவில்லை. இப்போதாவது கேளுங்கள். கல்லையும் கொடுத்துவிடுங்கள்." பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணெய் பட்டு வெந்த விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்துப் போட்டார்கள். ரேஷன் கார்டுக்கு என்று கற்றுக்கொண்ட கையெழுத்தை முதன்முதலாக ஸ்காட்லாந்துக்குப் போட்டார்கள். கண்டிக்காரி தாளைத் தொடவில்லை.

கவரில் இங்கிலீஷ் விலாசம் எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் நல்லவர்தான், பயந்தவர். தாள் நேராகப் பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டரிடம் போய்விட்டது.

ஒரு வாரத்தில் இன்ஸ்பெக்டர் தன் ஆபீஸ் குமாஸ்தாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தாளை மேஜையில் போட்டார்.

"ஸ்காட்லாந்துன்னு எழுதியிருக்கீங்க. நெசமா எந்த ஊரச் சொல்றீங்க?"

"ஸ்காட்லாந்தத்தாங்க சார்."

"சமஸ்தானத்தத் திரும்பப் பிரிக்கச் சொல்லிச் சுத்தி வளைச்சு எழுதுறீங்களா?"

"இல்லைங்க சார். அப்படி நெனச்சா புதுக்கோட்டைன்னே எழுதியிருப்பேன்."

மன்னிப்புக் கடிதம் கேட்டார். மாட்டேன் என்றேன். தலைமையாசிரியர் கெஞ்சலாகக் கேட்டார். அவரிடமும் மாட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டுவிட்டு, குரலைத் தணித்தார்.

"இங்க பாருங்கம்மா. முந்திரி ஒடைக்கிற பொம்பளைங்க லண்டனுக்குக் கையெழுத்துப் போட்டாங்கன்னா எவன் நம்புவான்? அத்தனையும் நீங்களே வெளையாட்டா எழுதினதுன்னு ஒத்துக்குங்க. எச்சரிக்கையோட முடிச்சிடுறேன். வேலைக்கு ஒண்ணும் வராது."

மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரு பொய்தானே. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் பதினோரு பேரும் மறுபடி ரேகையில்லாத கட்டைவிரல்களாகப் போய்விடுவார்கள். "அவுங்கதான் சார் போட்டாங்க" என்றேன். என் குரல் நடுங்கியது. கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி தேடினார்கள். வகுப்பில் எதிர்த்துப் பேசியவள், கையெழுத்துப் போடாதவள் என்று தலைமையாசிரியர் கண்டிக்காரியைச் சொன்னார். தோப்பிலிருந்து ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். கையில் சாம்பலோடு வந்து நின்றாள். அதற்குள் குமாஸ்தா வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைப் பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்தினார். கறுப்புத் திட்டு விழுந்தது.

"என்னய்யா, ரேகையே காணோம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விழுகாதுங்க" என்றாள் கண்டிக்காரி. தாளைக் கையில் எடுத்தாள். படிக்க ஆரம்பித்தாள்.

"கை... யெ... ழுத்... துகளை... ஆ... சி... ரி... யையே..."

குமாஸ்தா தாளைப் பிடுங்கப் பார்த்தார். அவள் திரும்பி நின்றுகொண்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை வைத்து வைத்துப் போனாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே முறை. அவ்வளவு நேரம் படித்த ஆண்கள் மூன்று பேர் அவள் முடிக்கக் காத்து நின்றார்கள்.

"...பெண்கள்... யாரும்... போட... வில்லை." நிமிர்ந்தாள். "இது பொய்யில்லங்களா? பதினோரு பேரும் போட்டாக. நா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நா ஒருத்திதான் போடல. எனக்குப் பிடிக்கல, போடல. அவுகளுக்குப் பிடிச்சுச்சு, போட்டாக. இதுல டீச்சர் என்ன பண்ணாக?"

பேனாவைக் கேட்டாள். இன்ஸ்பெக்டர் ஏதோ நினைப்பில் தன் பேனாவையே கொடுத்துவிட்டார். தாளின் அடியில், கறுப்புத் திட்டுக்குப் பக்கத்தில், "பொய்" என்று எழுதினாள். அதன் கீழே தன் பெயரைப் போட்டாள். சர்க்கார் தாளில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

அதனால் நான் தப்பித்துவிடவில்லை. சாயங்கால வகுப்பை நிறுத்தினார்கள். என்னைக் கீரமங்கலம் பக்கம் மாற்றினார்கள். நிரந்தரமாக்கும் உத்தரவு ஒன்றரை வருஷம் இழுத்தடித்து வந்தது. "ஸ்காட்லாந்தா ஒனக்குச் சோறு போடும்?" என்று அம்மா திட்டினாள். நியாயமான திட்டுதான், வாங்கிக்கொண்டேன். ஆனாலும் நான் தலை குனிந்து அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று பஸ் நிற்கும் இடத்துக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பழைய தாள் ஆபீஸ் பைலுக்குள் கிடந்தால் கிடக்கட்டும் என்று, வகுப்பு நின்ற பிறகும் அவர்களாகவே கூடிப் புதுத் தாள் எழுதியிருந்தார்கள். ஏகப்பட்ட பிழை. நான் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. பதினோரு கையெழுத்து இருந்தது.

கண்டிக்காரி முன்னால் வந்தாள்.

"அதுல எம் பேரு இருக்கா, பாருங்க."

"இல்லக்கா."

"இருக்கக் கூடாது. ஒங்களுக்குப் போட்டேன், அது வேற. அந்தத் தொரைக்குப் போட மாட்டேன். இவளுக எங்கிட்டயும் வந்து கேட்டாளுக. மாட்டேன்னுட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அதையும் அதுல எழுதுங்க டீச்சர்."

பஸ்ஸில் தாளை மடியில் விரித்து, குலுக்கலில் கோணல்மாணலாக, கையெழுத்துகளுக்குக் கீழே எழுதினேன்: "எங்களில் இன்னொருத்தியையும் கேட்டோம். மாட்டேன் என்று சொன்னாள்." புதுக்கோட்டையில் இறங்கியதும், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே விலாசம் எழுதி, ராஜாவுக்குத் தபாலில் சேர்த்தேன்.