இண்டிகேட்டர் போடும் தீபலட்சுமி

தாம்பரம் ஸ்டாண்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பும் ஒரே ஆட்டோ தீபலட்சுமியுடையது. அந்த ஒழுங்கு கிக் பாக்ஸிங்கிலும் ஒட்டிக்கொண்டதுதான் வினை. உதைப்பதற்கு முன் எதிராளியின் தொடையைப் பார்த்துவிடுவாள். உடனே அந்த எதிராளி காலைத் தூக்கித் தடுத்துவிடுவாள்.

படப்பைப் போட்டியில் இரண்டு ரவுண்டும் இதே கதை. பயிற்சியாளர் செல்வமேரி கத்தினாள்: “ஏன்டி, சொல்லிட்டுத்தான் உதைப்பியா?”

தீபலட்சுமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது ரவுண்டில் வேண்டுமென்றே தொடையைப் பார்த்தாள். எதிராளி காலைத் தூக்கியதும் மூஞ்சியில் இடது, வலது என இரண்டு குத்து! அவள் பதறி முகத்தை மூட, காவலில்லாத தொடையில் படாரென்று விழுந்தது உதை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

“இன்னாக்கா, லெப்ட்ல போட்டு ரைட்ல திரும்பிட்ட!” என்று கூவினான் ஸ்டாண்டு டிரைவர் மாரி.

“இன்னிக்குத்தான்டா நான் ஆட்டோக்காரி!”