ரொட்டி விழாத வேகத்தடை

எகிப்தின் தமன்ஹூரில் மைக்ரோபஸ் ஓட்டுகிறவர்கள் உஸ்தா தஸூக்கியைத் திட்டாத நாள் கிடையாது. ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒன்பது தெருக்களில் அவர் கட்டிய வேகத்தடைகள் இருக்கின்றன. அந்தத் தெருக்களுக்குள் நுழையும்போதே டிரைவரின் கால் பிரேக்குக்குப் போகும், வாய் திறக்கும். அந்தத் திட்டு காதில் விழுந்தால் தஸூக்கிக்கு வயிறு குளிர்ந்துவிடும். "திட்டறானா? அப்ப வேலை சரியா இருக்கு" என்பார்.

ஆள் உண்மையில் டைல்ஸ் பதிக்கிற கொத்தனார்; உஸ்தா என்றால் மேஸ்திரி. வயது ஐம்பத்தெட்டு, மூக்குக்கு மேல் கோபம். ஒருமுறை ஒரு புதுமாப்பிள்ளை வீட்டுக் குளியலறையில் ஒரு டைல் தீக்குச்சி கனத்துக்கு ஏறியிருக்கிறது என்று, கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுச் சுவரையும் பெயர்த்துப் போட்டார். மாப்பிள்ளை அழாத குறை. "நாளைக்குக் கல்யாணம் உஸ்தா!" "கல்யாணம் ஒரு நாளுடா. சுவரு உன் பேரன் காலம் வரைக்கும் நிக்கணும்." அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர், வீட்டில் வேலை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் பாதியும் அவரைத்தான் கூப்பிடும் என்பது வேறு விஷயம்.

முதல் வேகத்தடை வந்தது அவர் குடியிருக்கும் ஸாகியா தெருவில். ஒரு கழுதை வண்டியும் ஒரு தோக்தோக் ஆட்டோவும் உரசாமல் போகலாம், அவ்வளவுதான் அகலம். ஆனால் ரயில்வே கேட்டை மூடினால் போதும், காத்திருக்கப் பொறுக்காத மைக்ரோபஸ்கள் எல்லாம் இந்தத் தெரு வழியாகப் பாயும். தங்களுக்கென்று வெட்டிவிட்ட வாய்க்கால் என்று டிரைவர்களுக்கு நினைப்பு. போன மார்ச் மாதம் அதில் ஒன்று, டீச்சர் இப்திஹாலின் ஆறு வயது மகள் ரொதைனாவின் காலில் ஏறிவிட்டது. பிள்ளைக்கு இரண்டு விரல்கள் போயின. வேகத்தடை கேட்டு தெருக்காரர்கள் நகராட்சிக்கு மூன்று முறை மனு கொடுத்தார்கள். "தார் போடும்போது சேர்த்துப் போட்டுடலாம்" என்று மூன்று முறையும் ஒரே பதில். தார் எப்போது போடுவார்கள் என்று கேட்டால், அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"இனி மனு எழுதற பேனாவ உடைச்சுப் போடுங்க" என்றார் தஸூக்கி. ஒரு வியாழக்கிழமை தெருவின் இரண்டு பக்கமும் தகர டிரம்மை வைத்து மறித்து, டீச்சர் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு மேடு கட்டினார். ஒரு சாண் உயரம், இரண்டடி அகலம், இரண்டு பக்கமும் செங்குத்து. பார்ப்பதற்கு நடுத்தெருவில் ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டிரம்மை எடுத்தார்கள். முதலில் வந்த மைக்ரோபஸ் டிரைவரின் தலை கூரையில் இடித்த சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது. பெண்கள் பால்கனியில் நின்று குலவையிட்டார்கள். தஸூக்கி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெருமைக்கு ஆயுள் ஒரு மணி நேரம்.

ஏழு மணிக்கு ஸக்லூல் வந்தான். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டு போகிறவன். பேரீச்ச மட்டையில் செய்த ஆள் நீளத் தட்டு, அதில் இரண்டடுக்காக நூற்றைம்பது ரொட்டி, ஆவி பறக்கத் தலைமேல் இருக்கும். ஒரு கை தட்டில், ஒரு கை சைக்கிளில். பதினொரு வருஷமாக ஒரு ரொட்டியைக்கூடக் கீழே விட்டதில்லை என்று மார்தட்டுவான். அது பொய்யும் அல்ல. முந்தின இரண்டு நாளும் அவன் அக்கா ஊருக்குப் போயிருந்தான். புது மேட்டைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. தலையில் பாரம் வைத்தவன் குனிந்து தரையைப் பார்க்கவும் முடியாது.

சக்கரம் மோதியது. சைக்கிள் ஒரு பக்கம், ஸக்லூல் ஒரு பக்கம், தெரு முழுக்க ரொட்டி.

யாரும் கத்தவில்லை. எல்லாரும் குனிந்தார்கள். மண்ணில் கிடந்த ரொட்டியை ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாமல் மதில்மேல் வைத்தார்கள். தஸூக்கியும் மண்டியிட்டு எடுத்தார். ஒருவராவது தன்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. திட்டியவன் ஸக்லூல் மட்டும்தான், முறிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"ஏன் உஸ்தா, மைக்ரோபஸ்காரன் மேல கோவம்னா அவன அடிங்க. ரொட்டிய ஏன்யா அடிக்கறீங்க?"

அன்று மத்தியானம் தெருவே கூடிவிட்டது. மேட்டை இடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் இப்திஹாலும் சொன்னாள், ஆனால் தலை குனிந்தபடி சொன்னாள். "இடிச்சுடுங்க மாமா. ரொட்டி மண்ணுல கிடக்கறத என்னாலயும் பார்க்க முடியல. ஆனா வெள்ளி, சனி லீவு முடிஞ்சு நாளைக்கு ஸ்கூல் இருக்கு. என் பொண்ணு எப்படித் தெருவத் தாண்டுவா? அதையும் நீங்களே சொல்லுங்க."

தஸூக்கி வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியைக் கொண்டு வந்தார். தான் கட்டியதைத் தானே உடைத்தார். உடைத்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஸக்லூல் கைக்கட்டு பிரிக்க நாலு வாரம். அன்னிக்கு இங்க இன்னொண்ணு இருக்கும். மைக்ரோபஸ் அதுல அடங்கணும், ரொட்டி தாண்டணும். ஒரே ஒரு ரொட்டி விழுந்தாலும் என் கரணைய ரயில் பாதையில வீசிட்டு, பொண்டாட்டி சமையலுக்கு வெங்காயம் உரிச்சுட்டு உட்கார்ந்துடறேன்."

"வெங்காயமாவது ஒழுங்கா உரிப்பீங்களான்னு பார்ப்போம்" என்றாள் அவர் மனைவி நகாத், கூட்டத்துக்குள்ளிருந்து.

அந்த நாலு வாரமும், பள்ளி தொடங்குகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும், தஸூக்கி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் டீ கிளாஸ். மைக்ரோபஸ்கள் வந்து ஹாரன் அடிக்கும்.

"யோவ் பெரியவரே, சாகணுமா?"

"இல்ல தம்பி, டீ குடிக்கணும். இன்னும் பாதி இருக்கு."

பிள்ளைகள் அனைவரும் தாண்டிய பிறகுதான் டீ தீரும்.

மீதி நேரம் ஆராய்ச்சி. ஓரத்தில் சைக்கிள் போகிற அளவுக்கு இடைவெளி விட்டால் போதாதா என்று முதலில் நினைத்தார். கடைத்தெருவில் அப்படி ஒன்று இருந்தது, போய்ப் பார்த்தார். கால் மணி நேரத்தில் பதினேழு மோட்டார் பைக் அந்த இடைவெளி வழியாகப் பறந்தது, நடைபாதைக்காரர்களை உரசிக்கொண்டு. ரொட்டிக்குத் திறந்த கதவில் திருடன் நுழைகிறான் என்று திரும்பி வந்துவிட்டார்.

பிறகு ஸக்லூல் வீட்டுக்குப் போய் சைக்கிளையும் தட்டையும் இரவல் கேட்டார். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஸக்லூலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏறி உட்காரவே ஆள் வேணும் உங்களுக்கு! கொண்டு போங்க. விழுந்தா முத்தம் கொடுத்து மதில்மேல வைக்கச் சொல்றேன்."

தஸூக்கி மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில், ஈர மணலில் மேடு பிடித்து, தலையில் வெறும் தட்டை வைத்துக்கொண்டு ஏறினார். முதல் நாள் மேடு வருவதற்கு முன்பே விழுந்தார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினார். முழங்கை சிராய்ந்தது, முட்டி வீங்கியது. நகாத் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள்: "இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?"

ஆனால் விழ விழ ஒன்று புரிந்தது. கண் பார்க்காத தரையைச் சக்கரமும் முதுகும்தான் பார்க்கின்றன. உயரம் மட்டும் குற்றம் இல்லை. திடீரென்று வருவதுதான் பெரிய குற்றம். ஏற்றத்தைக் கொஞ்சம் தணித்து ஆள் நீளத்துக்கு இழுத்து, அதே நீளத்துக்கு இறக்கினால், மெதுவாகப் போகிறவனுக்கு அது படகு போல ஏறி இறங்கும். பாய்ந்து வருகிறவனுக்குத்தான் அடி. இத்தனை நாள் எல்லோரும் கட்டியது கோபத்தில் எழுந்த மேடு. மெதுவாகப் போகிறவனையும் சேர்த்துத் தண்டிக்கிற மேடு. கோபம் இல்லாமல் ஒன்று கட்ட முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டார். கோபமே உருவான மனுஷனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை.

கடைசி வாரம் கட்டினார். உள்ளங்கை அகல உயரம், இரண்டு ஆள் படுத்தால் வருகிற நீளம். பலகை வைத்து இழுத்த பிறகு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரிந்த இடத்தை எல்லாம் திரும்பத் தேய்த்தார். இரண்டு நாள் தேய்த்தார். வெள்ளைக்கோடு அடிக்கலாமா என்று கேட்டவர்களிடம், "மொதல்ல ரொட்டி தாண்டட்டும்" என்றார்.

ஸக்லூல் வேலைக்குத் திரும்பிய காலை, ஸாகியா தெருவில் ஒரு பால்கனியும் காலி இல்லை. அவனிடம் இந்த முறை சொல்லியாயிற்று. அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "புதுசா ஒட்ட வச்ச கை உஸ்தா. இது போச்சுன்னா என் புள்ளைங்க கதி?" என்று முந்தின நாள் கேட்டிருந்தான். தஸூக்கியால் சத்தியம் செய்து கொடுக்க முடியவில்லை. "நீ எப்பவும் போற மாதிரி போ" என்று மட்டும் சொன்னார்.

தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது. நூற்றைம்பது ரொட்டி. ஸக்லூல் பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, மிதித்து வந்தான். தஸூக்கி கரணையை இறுகப் பிடித்திருந்தார். டீச்சர் வீடு வந்தது, கடந்தது. மளிகைக்கடை வந்தது. ஸக்லூல் அங்கே காலை ஊன்றி நின்றான். மளிகைக்காரர் தட்டைப் பிடித்து இறக்கினார். அடுத்த நிமிஷம் ஸக்லூல் திரும்பி, தெருவே அதிரக் கத்தினான்:

"ஏன் உஸ்தா, எங்க உங்க மேடு? பயந்துபோய் ராவோட ராவா இடிச்சுட்டீங்களா? நான் ஒருத்தன் உசிரக் கையில பிடிச்சுட்டு வரேன்!"

எல்லாரும் டீச்சர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பால்கனிகளில் எழுந்த குலவையில் புறாக்கள் பறந்து போயின.

"அடப் பாவி, அது மேல ஏறித்தான்டா வந்த!" என்று நகாத் மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஸக்லூல் திரும்பிப் பார்த்தான். ரயில்வே கேட் மூடியிருக்க வேண்டும். ஒரு மைக்ரோபஸ் சீறிக்கொண்டு நுழைந்தது, மேட்டைக் கண்டதும் அதற்கு முன்னால் பிரேக் கதறி நின்றது. பஸ்ஸுக்கு முன்னால் ரொதைனா, அம்மா கையைப் பிடிக்காமல், தாங்கித் தாங்கி, அவசரமே இல்லாமல் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

தஸூக்கியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது; அவர் மறைக்கவில்லை. நேராக மைக்ரோபஸ் ஜன்னலுக்குப் போனார்.

"இது நான் கட்டினது தம்பி" என்றார்.

"யாருய்யா உங்கிட்ட கேட்டா?" என்றான் டிரைவர்.