பத்துக்கு ஆறு

முதல் கூடைப்பந்துப் போட்டியிலேயே எதிரணி போட்ட கூடைக்கு எழுந்து நின்று கை தட்டிய பெருமை அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு கோச்சுக்குத்தான் உண்டு. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முன்பாதியில் எந்த வளையத்தைப் பார்த்துத் தட்டினாரோ, பின்பாதியிலும் அதற்கே விசுவாசமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை தட்டியபோது நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க யார் பக்கம்மா?"

அன்றைக்கு அவர் யார் பக்கமும் இல்லை என்பதுதான் உண்மை. இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். லென்ஸ்களைத் துடைப்பது, ஊசலின் நூல் அறுந்தால் மாற்றிக் கட்டுவது, மாணவிகள் உடைத்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என்று இருந்தவர். கல்லூரிக்குள் வேலைக்கு வந்தவரே தவிரப் படிக்க வந்தவர் இல்லை. விளையாட்டு ஆசிரியை வேறு வேலை கிடைத்துத் திடீரென்று போய்விட்டார். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பெண்கள் அணியோடு கல்லூரிப் பெண் ஊழியர் ஒருவர் போயே ஆக வேண்டும். நாலு மணிக்கு மேல் முதல்வர் ஆள் தேடிக்கொண்டு நடந்தபோது, திறந்திருந்த ஒரே கதவு ஆய்வகத்தினுடையது.

"சும்மா கூடப் போய் உக்காந்துட்டு வாங்கம்மா. பந்த அவங்க பாத்துக்குவாங்க."

அப்படிச் சும்மா உட்காரப் போனவர், அதற்குப் பிறகு பதினாலு வருஷம் எந்தப் போட்டியிலும் உட்காரவே இல்லை. கோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தார்.

நடுவரின் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. யாரிடமோ கேட்டு விதிப்புத்தகத்தை வாங்கி வந்தார். கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் அதைப் பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதை எடுத்துப் பார்த்தவர் சிரித்தார்.

"எதுக்குமா எல்லா வரிக்கும் அடிக்கோடு? அடிக்கோடு போடாத வரி எதுன்னு தேட வேண்டியிருக்கு."

"எது முக்கியம்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அதான் எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

விதி தெரிந்தது. ஆட்டம் தெரியவில்லை. தெரியாதவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆய்வகத்தில் செய்வதுபோல ஒரு நோட்டுப் போட்டு, வளையத்துக்குள் விழாத பந்து ஒவ்வொன்றும் எங்கே போய் விழுகிறது என்று குறித்தார். தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். நாலு மாதத்தில், வலது மூலையிலிருந்து தவறும் பந்து பெரும்பாலும் இடது பக்கம்தான் போய் விழும் என்று கண்டுபிடித்தார். விளையாட்டு தெரிந்தவர்களுக்கு அது பழைய சங்கதி. அவருக்கோ அது தானே கண்டெடுத்த தங்கம். பெண்களை அங்கே போய் நிற்க வைத்தார். பந்து அவர்களைத் தேடி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரி ஐந்து முறை அரையிறுதிக்குப் போனது, இரண்டு முறை கோப்பையோடு வந்தது. ஆய்வகத்தில் 'அக்கா' என்று கூப்பிட்டவர்கள் மைதானத்தில் 'கோச்' என்று கூப்பிட்டார்கள்.

பதினைந்தாவது வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த பருவத்திலிருந்து பயிற்சியாளர் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே அணியோடு கோட்டோரம் இருக்கலாம். மற்றவர்களுக்குப் பார்வையாளர் வரிசைதான். சான்றிதழுக்கு ஆறு சனிக்கிழமை வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறை. செய்முறையில், பலகைக்குப் பதினைந்து அடி தள்ளி இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பத்துப் பந்து போட வேண்டும். ஆறு விழ வேண்டும்.

முதல்வர் தைரியம் சொன்னார். "உங்களுக்கு என்னம்மா, கண்ண மூடிட்டுப் போடுவீங்க."

கோச் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். பதினாலு வருஷத்தில் அவர் வளையத்தை நோக்கி ஒரு பந்துகூட எறிந்ததில்லை. பந்து கைக்கு வந்தால் உடனே யாருக்காவது தட்டிவிடுவார். முழங்கால் வலி என்று பெண்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. தோற்றுப்போகிற பயம் இல்லை அது. ஒரு பந்து போட்டுக் காட்டத் தெரியாதவள் எந்த வாயோடு அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான். யாரும் கேட்கவில்லை. அவரே தன்னை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

இப்போது மறைக்க வழியில்லை. பயிற்சி முடிந்ததும் அணித்தலைவியைக் கூப்பிட்டார். அவளுக்கு மைதானத்தில் 'வானொலி' என்று பெயர். அணைக்க முடியாது.

"எனக்குப் பந்து போடத் தெரியாது."

வானொலி அரை நிமிஷம் நின்றுபோனது. "ஒரு தடவகூடப் போட்டதில்லயா கோச்?"

"அளந்திருக்கேன். எழுதியிருக்கேன். போட்டதில்ல."

"அப்ப நேத்து என்னை அந்தத் திட்டு திட்டினீங்களே?"

"அது நீ சரியா போடாததுக்கு."

மறுநாளிலிருந்து பெண்கள் அவருக்குக் கோச் ஆனார்கள். பதினாலு வருஷமாக அவர் கத்தியதெல்லாம் வட்டியும் முதலுமாக அவர் காதுக்கே திரும்பி வந்தது.

"முழங்கால மடக்குங்க கோச்."

"மடக்கித்தான்டி நிக்கறேன்."

"நிமிந்து நிக்கற மாதிரியே இருக்கே."

"என் உயரமே அவ்வளவுதான்."

பந்து வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. மூன்று வாரம் கழித்தும் அரை முழம் முன்னால் விழுந்தது. தோள் வலித்தது. சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த ஞாயிறு காலையில் கடைக்குக் காகிதக் கட்டுகள் வந்து இறங்கின. வழக்கம்போலக் கணவர் ஏணியில் ஏறிப் பரண் பக்கம் நின்றார். இவர் வாசலில் நின்று, நடுவில் இருந்த மிஷினுக்கு மேலே, இரண்டு கையாலும் கால்களுக்கு நடுவிலிருந்து வீசி, ஒவ்வொரு கட்டாக அனுப்பினார். ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. வெளியில் போன மினிபஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டே அனுப்பினார். இருபதாவது கட்டில் கணவர் சொன்னார்:

"தெருவப் பாத்துட்டே போடற. நான் கைய நகத்தவே வேண்டியதில்ல. இவ்வளவு நல்லா போடற ஆளு, அங்க மட்டும் ஏன்மா தடுமாறுற?"

இவர் அடுத்த கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

"இறங்காதீங்க. உங்க கை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்து சொல்லுங்க."

ஒன்பதே கால் அடி. வளையம் பத்து. பந்தோ அரைக் கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும்.

திங்கட்கிழமை மாலை அவர் கோட்டில் நின்று, பந்தைக் கால்களுக்கு நடுவில் கொண்டுபோய், வாளித் தண்ணீரை வீசுவதுபோல வீசினார். வானொலி சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்து மெதுவாகச் சுழன்றுகொண்டே போய், வளையத்தின் நடுவில், ஓரத்தைக்கூடத் தொடாமல் விழுந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. "தற்செயல்," என்றாள் வானொலி. "இன்னொண்ணு போடுங்க பாப்போம்."

இன்னொன்றும் விழுந்தது.

தேர்வுக்கு வந்திருந்த மற்ற எல்லாரும் இருபத்தைந்து வயது, ஆறடி உயரம். அவர் கோட்டில் போய்க் குனிந்ததுமே தேர்வாளர் கையைத் தூக்கினார்.

"அம்மா, இது என்ன, தோட்டத்துக்குத் தண்ணி விடறீங்களா?"

"ஃப்ரீ த்ரோ சார்."

"இப்படியெல்லாம் போடக் கூடாது."

"எந்த முறையில வேணும்னாலும் எறியலாம், மேலேருந்து உள்ள விழணும், இல்ல வளையத்தையாவது தொடணும்னு போட்டிருக்கு சார். பந்து கைக்கு வந்து அஞ்சு செகண்டுக்குள்ள. மத்தபடி கோட்ட மிதிக்கக் கூடாது."

தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாவது முறையும் படித்தார். "சரி, போடுங்க," என்றார். அடுத்து நின்ற ஆறடிப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் பந்து விழுந்தது. இரண்டு, மூன்று. நாலாவது வளையத்தில் உட்காரப் பார்த்து வெளியே நழுவியது. அடுத்த மூன்றும் விழுந்தன. ஏழு பந்தில் ஆறு. வாயைப் பொத்திய கைகள் எப்போதோ கீழே இறங்கியிருந்தன.

"போதும்மா. பாஸ்," என்று தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

"பத்துன்னுதானே சார் போட்டிருக்கு?"

"ஆறு வந்தாச்சே."

"மூணு பந்து பாக்கியிருக்கு சார்."

துணைக்கு வந்து வேலிக்கு வெளியே நின்ற வானொலி தலையில் கை வைத்துக்கொண்டாள். கோச் மீதி மூன்றையும் போட்டார். ஒன்று பலகையில் மோதித் திரும்பியது. ஒன்று வளையத்தின் பக்கமே போகவில்லை. கடைசிப் பந்து தேர்வாளரின் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தது. ஈரமான தாளில் அவர், பத்துக்கு ஆறு என்று எழுதினார்.

வரும் வழியில் பஸ்ஸில் வானொலி விடாமல் திட்டினாள். "ஏழோட நிறுத்தியிருந்தா என்ன பேரு, என்ன மரியாதை. அந்தப் பசங்க வாயத் தெறந்துட்டு நின்னானுங்க கோச். கெடுத்துட்டீங்களே."

"பத்துல ஆறுதான்டி எனக்கு வருது. அத ஏழுல ஆறுன்னு சொன்னா தப்பில்லயா?"

சான்றிதழ் வந்து, புதிய பருவமும் தொடங்கியது. முதல் வாரமே முதலாமாண்டுப் பெண் ஒருத்தி கோட்டில் நின்று தடுமாறினாள். பந்து வளையம்வரை எட்டவில்லை. கூட இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது. இந்த இடத்தில் 'முழங்கால மடக்கு' என்ற கத்தல் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்க வேண்டும். பழையவர்கள் எல்லாரும் அதற்குத் தயாராக நின்றார்கள்.

கோச் நோட்டைக் கீழே வைத்துவிட்டு அவளிடமிருந்து பந்தை வாங்கினார். கோட்டில் நின்று, குனிந்து, வீசினார். பந்து வளையத்தின் ஓரத்தில் இடித்துத் தெறித்து, உருண்டு ஓடியது.

"எனக்கும் போகல பாரு," என்றார். "எடுத்துட்டு வா. இப்ப நீ போடு."