சத்தம் நின்ற வளையல்

தங்கமயிலுக்குக் கேள்வி கேட்காமல் சோறு இறங்காது. தாராவியிலேயே பிறந்து, தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஜீன்ஸுக்குப் பொத்தான் அடிக்கிற வேலையில் இருந்தபோது, அந்த மிஷினுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது பார்க்கிறேன் பேர்வழி என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். புருஷன் முத்துசெல்வம் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. பாவம், பட்டறையில் காதுக்கு மிஷின், வீட்டில் காதுக்கு இவள்.

மாசமானதும் கேள்விகளெல்லாம் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டன. பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் யார் தண்ணீர் கொடுப்பது? உள்ளே இருப்பது தூங்குவது நமக்குத் தெரியுமா? ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், “டாக்டர், அது காலை எப்படி வச்சிருக்கு?” என்று இந்தியில் ஆவலாகக் கேட்டாள். அந்த அம்மாள் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு சீறினாள். “லட்கா, லட்கி நஹீ பதாயேங்கே!” ஆணா பெண்ணா என்று சொன்னால் டாக்டருக்கு ஜெயில். இவள் சுற்றி வளைத்து அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அட கடவுளே, கால் நீட்டியிருக்கிறதா மடக்கியிருக்கிறதா என்றுகூட ஒரு மனுஷி தெரிந்துகொள்ளக் கூடாதா?

ஒன்பதாம் மாசம் வளைகாப்பு நடந்தது. மாமியார் மீனாட்சியம்மாள் முதல் வளையலைப் போட, சொந்தபந்தத்துப் பெண்கள் வரிசையாக வந்து இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். தங்கமயிலின் அம்மா பிரேமலதா மட்டும் அடுக்களைச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். தங்கமயில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் வளையலைத் தொடக் கூடாதாம்.

“யத்தே, எங்கம்மா போட்டா என்ன ஆவும்?”

“ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா வாயை வச்சிக்கிட்டு சும்மா இரி” என்றாள் மாமியார். அவளும் பொல்லாதவள் இல்லை. பயந்தவள், அவ்வளவுதான். “வலி எடுக்கிற வரைக்கும் ஒண்ணையும் கழட்டிராத. பிள்ளையை வாங்குத நர்சுக்குத்தான் கழட்டிக் குடுக்கணும்.”

பிரசவத்துக்காக, இப்போது வடாலாவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தாள். கையை ஆட்டினால் போதும், கிணுகிணு என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று பார்ப்பதே பகல் முழுக்க அவளுக்கு வேலை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கையை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. வளையல்கள் மணிக்கட்டில் ஒன்றோடொன்று இறுகி உட்கார்ந்திருந்தன.

“யம்மா, இங்க பாரேன். நேத்து நல்லா கேட்டுச்சு. இன்னிக்கு ஏன் கேக்கல?”

“ஒம்பது மாசக்காரிக்குக் கை வீங்காம இருக்குமாட்டி?” என்றாள் பிரேமலதா.

“கால் வீங்கினா நடந்ததால வீங்குதுங்கலாம். கையாலயா நடந்தேன்?”

புருஷனுக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமை எப்படியும் செக்கப்புக்குப் போகத்தானே போகிறோம், அம்மா வீட்டுச் சாப்பாட்டில் சதை போட்டிருக்கும் என்றான் அவன். மாமியார் போனைப் பிடுங்கி, “வளையல்காரன் சின்ன சைசைக் குடுத்து ஏமாத்திட்டான்! இப்பமே போயி அவனை உண்டு இல்லைன்னு ஆக்குதேன் பாரு” என்று கிளம்பியேவிட்டாள். சைஸ் சின்னது என்றால் போன வாரம் எப்படி ஏறியது என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

தங்கமயிலுக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் விடை தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. மறுகையில் பார்த்தாள். மூத்திரத்தைச் சோதித்தாள். தலைவலி உண்டா, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் உண்டு, மும்பை வெயிலுக்கு யாருக்குத்தான் தலை வலிக்காது என்று விட்டிருந்தாள் தங்கமயில். சின்ன வயசு டாக்டர் ஒருத்தி ஓடி வந்தாள்.

“பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அதனாலதான் இந்த வீக்கம். விட்டா உனக்கு வலிப்பு வரும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும்” என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். “நல்லவேளை, வந்தே.”

வியாழக்கிழமை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்வியைக் கேட்காமல் விழுங்கினாள் தங்கமயில். இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஊசி ஏற்ற வேண்டும், வளையலைக் கழற்று என்றாள் சிஸ்டர். சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூட அசையவில்லை. வீக்கம் ஏற ஏற விரல் நுனி கருத்துக்கொண்டு வந்தது. “தோட் தோ” என்று பிரேமலதாவிடம் பஞ்சுத் துணியையும் ஒரு இடுக்கியையும் நீட்டினாள் சிஸ்டர். உடைத்துவிடு. அவள் மருந்து எடுக்கத் திரும்பிவிட்டாள்.

பிரேமலதா இங்கேயும் சுவரோரம்தான் நின்றாள். “நான் மாட்டேன். ஒம் மாமியா வரட்டும். வாழுத பொம்பளை கையில வளையலை உடைக்கிறது எதுக்குன்னு தெரியுமாட்டி ஒனக்கு? நான் தொட்டா எம் ராசி ஒனக்கும் ஒட்டிரும்” என்று அழுதாள்.

“அத்தை தாராவியிலேர்ந்து வாரதுக்குள்ள எனக்கு வலிப்பு வந்துரும்மா.”

பிரேமலதா அசையவில்லை. தங்கமயில் அம்மாவின் வெறும் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தினமும் பார்த்த கைதான்.

“யம்மா, அப்பா போன அன்னைக்கு ஒனக்கு உடைச்சாங்கள்லா. வலிச்சுதா?”

பிரேமலதாவின் அழுகை சட்டென்று நின்றது. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுபோல் மகளையே பார்த்தாள். கட்டிலருகே வந்து, உடைகிற சில்லு தோலில் படாதபடி ஒரு கையால் துணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் முதல் வளையலை நெரித்தாள். பிறகு அடுத்ததை. மகளின் கையில் ஒரு கீறல் விழவில்லை. சில்லு குத்தி ரத்தம் வந்ததெல்லாம் அவள் விரலில்தான்.

சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. எடை குறைவு என்று சூடு கொடுக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆனால் சிஸ்டர்கள் சிரிக்கிற அளவுக்குத் தொண்டை. தங்கமயிலின் பிரஷரும் மெல்ல இறங்கியது. மீனாட்சியம்மாள் வந்து, உடைத்தது யார் என்று கேட்டுவிட்டு, சம்பந்தியின் கட்டுப் போட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போய் அழுதாள்.

வார்டில் பிரேமலதா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

“வலிச்சுதுட்டி. பிடிச்சிக்கிட்டவளுவோ ஒருத்தியும் துணி வைக்கல.”

தங்கமயில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.